குற்றவாளியின் ஏடும் காழியின் ஏடும்

குற்றவியலைப் பாடநூல்களைவிட வழக்குகளின் வாயிலாகக் கற்பதே சிறப்பு என்பதில் நமக்கு ஐயமில்லை. இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) ‘அத்துருகுல் ஹுக்மிய்யா’வில் காழிகள் முன் வந்த வழக்குகளையும், அவற்றில் சூழ்நிலைச் சான்றுகள் எடைபோடப்பட்ட விதத்தையும் கொண்டே நீதியியலை விளக்கினார். ஆயின் வழக்கை எந்த ஏட்டிலிருந்து கற்கிறோம் என்பது தனி வினா. தமிழகத்தில் அவ்வினாவைக் கூர்மையாக எழுப்பியது ஆட்டோ சங்கர் வழக்கு.

திருவான்மியூர் முதல் மாமல்லபுரம் வரையிலான கடற்கரை ஒரு காலத்தில் கள்ளச்சாராயத்தின் வழித்தடமாக இருந்தது. அதில் ஆட்டோ ஓட்டித் தலையெடுத்தவர் சங்கர். ஆறு கொலைகளுக்காகச் செங்கல்பட்டு செஷன்ஸ் நீதிமன்றம் 1991 மே 31இல் அவருக்கு மரண தண்டனை விதித்தது. மேல்முறையீடுகள் தள்ளுபடியாகி, 1995 ஏப்ரல் 27இல் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

இதனிடையே, செங்கல்பட்டு கிளைச் சிறையில் 1991இல் அவர் எழுதியதாகக் கூறப்பட்ட 300 பக்கத் தன்வரலாற்றை வெளியிட ‘நக்கீரன்’ முன்வந்தது. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகள் சிலருடன் சங்கருக்கு இருந்த தொடர்பு அதில் இடம்பெற்றிருந்ததாம். அது பொய்யானது, வெளியீட்டை நிறுத்துக எனச் சிறைத்துறைத் தலைவர் 1994 ஜூனில் கடிதம் எழுதினார். ஒரு குற்றச்சாட்டு எழுந்தால் அதை விசாரிப்பதே அரசின் கடமை; அச்சேறுமுன் அதைத் தடுக்க முயன்றதே நம் பார்வையில் இவ்விவகாரத்தின் பெருங்குறை.

1994 அக்டோபர் 7இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய ராஜகோபால் தீர்ப்பு அத்தடையை ஏற்கவில்லை. அந்தரங்க உரிமை 21ஆம் பிரிவில் அடங்கியுள்ளது என்ற அத்தீர்ப்பு, நீதிமன்ற ஆவணங்கள் போன்ற பொது ஏடுகளில் உள்ளவற்றை வெளியிட இசைவு வேண்டியதில்லை என்றது; பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் பெயருக்கு மட்டும் விலக்களித்தது. துருவி ஆராய்வதைத் தடுக்கும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனத்தை ஓதும் நமக்கு இவ்வரம்பு அந்நியமானதன்று. அதிகாரிகளின் பணி சார்ந்த செயல்களுக்கு அந்தத் திரையை நீதிமன்றம் தர மறுத்தது மிகச் சரி.

தன்வரலாற்றைச் சங்கர்தாம் எழுதினாரா என்பதை அத்தீர்ப்பு முடிவு செய்யவில்லை. அவர் அனுமதி தரவில்லை என்ற அனுமானத்தின்மீதே சட்டத்தை விளக்கியது. வாசகரோ அதை ஒப்புதல் வாக்குமூலமாகவே படித்தனர். ஃபிக்ஹில் இக்ராருக்குக் கடும் நிபந்தனைகள் உண்டு. மாஇஸ் (ரலி) தாமே முன்வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டபோதும் நபி (ஸல்) அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவருக்குச் சித்தம் பிசகியதா என்றும் விசாரித்தார்கள். மேலும் ஒருவரின் இக்ரார் அவரை மட்டுமே கட்டும், பிறர்மீது சான்றாகாது என்பது ஃபுகஹாக்களின் விதி. தன்வரலாற்றின் கவர்ச்சியோ பிறரைப் பற்றிய பக்கங்களில்தான் இருந்தது! அவை விசாரணைக்குத் தொடக்கமாகலாம், தீர்ப்பாகா.

2019இல் வந்த இணையத் தொடரும் சங்கரின் பெயரையே தலைப்பாகக் கொண்டது. கொலையுண்ட அறுவர் யார், அவர்களைத் தேடி உறவினர் காவல்நிலையத்துக்கு அலைந்தபோது என்ன நடந்தது, சாராய வண்டிகள் அத்தனை ஆண்டுகள் எவ்வாறு தடையின்றி ஓடின என்பவற்றுக்குக் குற்றவியல் மாணவர் விடை தேட வேண்டிய இடம் செங்கல்பட்டு நீதிமன்றத்தின் சாட்சிய ஏடுகள்.