செயப்பாட்டுவினையில் ஒரு தீர்ப்பு: ஜோசப் ஸ்டோரியை வாசித்தல்

நீதிபதிகளை நாம் வாசிப்பதில்லை; மேற்கோள் காட்டுகிறோம், அவ்வளவுதான். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஜோசப் ஸ்டோரியின் (1779-1845) ஈக்விட்டி நூல் நம்மூர்த் தீர்ப்புகளிலும் வந்துபோயிருக்கிறது. ஆனால் பிரதிகளை உற்பத்தி செய்த ஓர் எழுத்தாளராக அவரை இங்கே யாரும் எடுத்துப் பேசிய மாதிரித் தெரியவில்லை. மனுஷன் எழுதித் தள்ளியவர். 1811இல் மாடிசன் நியமித்தபோது வயது 32. அந்த நீதிமன்றத்துக்கு அவரைவிட இளையவர் இன்றுவரை வந்ததில்லை. 1829 முதல் ஹார்வர்டில் பேராசிரியர். 1833இல் அரசியல் சாசனத்துக்கு மூன்று தொகுதி விளக்கவுரை. இளமையில் 'தனிமையின் ஆற்றல்' என்றொரு நீள்கவிதைகூட உண்டு. பிற்பாடு கிடைத்த பிரதிகளையெல்லாம் வாங்கி எரித்தாராம். தீர்ப்புகளை அப்படி எரிக்க முடியாது.

ஸ்டோரி அடிமை முறையை வெறுத்தவர். 1819இல் ஜூரிகள் முன்னால் அடிமை வணிகத்தைச் சாடிப் பேசினார். 1841இல் ஆமிஸ்டாட் கப்பலின் ஆப்பிரிக்கர்களை விடுவித்த தீர்ப்பு அவர் எழுதியது. அதே வழக்கில் அந்தோனியோ என்ற கப்பல் பையன் மட்டும் சட்டப்படி அடிமைதான், உடையவரிடம் போக வேண்டும் என்றானதை யாரும் அதிகம் சொல்வதில்லை.

அடுத்த வருஷமே பிரிக் வழக்கு. மேரிலாண்டிலிருந்து 1832இல் பென்சில்வேனியாவுக்கு வந்துவிட்ட மார்கரெட் மார்கன் என்ற கறுப்பினப் பெண்ணை 1837இல் எட்வர்ட் பிரிக்கும் கூட்டாளிகளும் பிள்ளைகளோடு பிடித்துக்கொண்டு போனார்கள். பென்சில்வேனியாவின் 1826ஆம் வருஷச் சட்டப்படி அது குற்றம். ஸ்டோரியோ அந்தச் சட்டமே செல்லாது என்றார். உடையவர் தன் அடிமையை எந்த மாநிலத்திலும், அமைதி குலையாமல், தானே பிடித்துக்கொண்டு போகலாமாம்.

இதற்கு ஆதாரமான சாசனப் பிரிவைப் பாருங்கள். அதில் 'அடிமை' என்ற சொல்லே கிடையாது. 'ஊழியத்துக்கோ உழைப்புக்கோ கட்டுப்பட்ட ஆள்' என்று சுற்றி வளைக்கிறது. வாக்கியம் செயப்பாட்டுவினையில் இருக்கிறது: தப்பி வந்தவர் ஒப்படைக்கப்பட வேண்டும். சரி, யாரு ஒப்படைக்கணும்? எழுவாய் காணோம். அந்தக் காலி இடத்தில் ஸ்டோரி மத்திய அரசை உட்கார வைத்தார். இந்தப் பிரிவு இல்லாமல் ஒன்றியமே உருவாகியிருக்காது, இது அடிப்படையான ஷரத்து என்ற கதையாடலையும் சேர்த்துக் கட்டினார்.

அது உண்மைதானா? 1787 மாநாடு பற்றிய மாடிசனின் குறிப்புகள் 1840இலேயே அச்சாகிவிட்டன. ஆகஸ்ட் 28 அன்று தென்மாநிலத்தார் இதைக் கிளப்பியதும், அரசு செலவில் பிடிப்பதா என்று வில்சன் கேட்டார். குதிரையைப் பிடித்துத் தருவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்ற தொனியில் ஷெர்மன் பேசினார். மறுநாள் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. பெரிய பேரம் எதுவும் நடந்த தடயம் இல்லை. ஸ்டோரியே 1833 விளக்கவுரையில் இதை அடிமை மாநிலங்களின் நன்மைக்காக மட்டும் சேர்த்ததாகத்தான் எழுதியிருந்தார். ஒன்பது வருஷத்தில் சலுகை அஸ்திவாரமாகிவிட்டது.

ராபர்ட் கவர் 1975இல் எழுதிய நூலில் இப்படிப்பட்ட நீதிபதிகளை மனசாட்சிக்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களாகப் பார்க்கிறார். முக்கியமான நூல்தான். ஆனால் அந்தப் பார்வை சட்டம் ஏற்கெனவே கெட்டியாக அங்கே இருந்தது என்று வைத்துக்கொள்கிறது. பிரிக் வழக்கில் அப்படி இல்லை. சட்டம் கையைக் கட்டிப்போட்டதாகச் சொல்லும் அந்தக் கயிற்றைத் திரித்ததே ஸ்டோரிதான்.

அவருடைய மகன் இதை 'சுதந்திரத்தின் வெற்றி' என்று அப்பாவே கருதியதாக எழுதினார். மாநில அதிகாரிகள் உதவத் தேவையில்லை என்ற வரி தீர்ப்பில் உண்டு என்பது அவர் தரப்பு. அதைப் பிடித்துக்கொண்டுதான் மாசசூசெட்ஸ் 1843இல் தன் அதிகாரிகளுக்கும் சிறைகளுக்கும் இந்த வேலையைத் தடைசெய்தது. நல்லதுதான். ஆனால் தீர்ப்பு வந்த சில வாரங்களிலேயே, 1842 ஏப்ரலில், செனட்டர் பெரியனுக்கு ஸ்டோரி கடிதம் எழுதுகிறார்: மத்திய ஆணையர்களை நியமிக்க ஒரு மசோதா கொண்டுவரலாம், தப்பியோடிய அடிமைகள் விஷயமும் சத்தமில்லாமல் அதற்குள் அடங்கிவிடும் என்ற யோசனை. 1850ஆம் வருஷக் கொடுமையான சட்டம் ஆணையர்களை வைத்துத்தான் ஓடியது. வெற்றிதான், யாருடைய வெற்றி?

மார்கரெட்டுக்கு இந்தத் தீர்ப்பில் குரல் இல்லை. வழக்கு பிரிக்குக்கும் பென்சில்வேனியாவுக்கும் நடுவில்தான். ஜூரி கண்ட உண்மைகளைச் சொல்லும் பத்தியில் ஒரு வரி வருகிறது: பிள்ளைகளில் ஒன்று, அவர் வந்து ஒரு வருஷத்துக்கும் மேலான பிறகு பென்சில்வேனியாவிலேயே பிறந்தது. சாசனப் பிரிவோ ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குத் தப்பி ஓடியவர்களைப் பற்றித்தான் பேசுகிறது. இந்தக் குழந்தை எங்கிருந்து தப்பியது? சொல்லுக்குச் சொல் உரை எழுதிய ஸ்டோரி அந்த வரியைத் தாண்டிப் போகிறார், அதற்கப்புறம் குழந்தை தீர்ப்பில் வரவேயில்லை.