திருப்பணிக்கு முந்தைய ஆய்வு: தாடிக்கொம்பு சௌந்தரராசப் பெருமாள் கோயிலை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பழங்கோயில்களில் திருப்பணி தொடங்குமுன் நிகழ வேண்டிய ஆய்வு, நடைமுறையில் பெரும்பாலும் செலவு மதிப்பீடாகச் சுருங்கிவிடுகிறது. திருமழபாடிக் கல்வெட்டு காட்டும் படியெடுக்கும் மரபின் துணையுடன் அந்நடைமுறையை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. முந்தைய ஆய்வின் தேவைக்குத் தாடிக்கொம்புக் கோயிலைச் சான்றாகக் கொள்கிறது.

திறவுச்சொற்கள்: திருப்பணி, பாலாலயம், படியெடுத்தல், தாடிக்கொம்பு, திருமழபாடி.

முன்னுரை

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் வழியாகக் கரூர் செல்லும் சாலையில், குடகனாற்றங்கரையில் அமைந்தது தாடிக்கொம்பு. இங்குள்ள சௌந்தரராசப் பெருமாள் கோயிலின் சிற்ப மண்டபம் விசயநகர - நாயக்கர் காலக் கலைப்பாணியின் சிறந்த சான்றுகளுள் ஒன்று. வைகுந்தநாதர், உலகளந்தார், இரணியனை வதைக்கும் நரசிம்மர் முதலியோரோடு, வைணவக் கோயிலாயினும், ஊர்த்துவ தாண்டவரும் அகோர வீரபத்திரரும் இங்கு இடம்பெற்றுள்ளனர். இத்தகைய கோயிலில் திருப்பணிக்கு முன் எதை அறிய வேண்டும், எப்பொழுது அறிய வேண்டும் என்பவை இக்கட்டுரையின் வினாக்கள்.

படியெடுக்கும் மரபு

பழைய கட்டடத்தைப் பதிவுசெய்தபின் பணி தொடங்குதல் மேலைநாட்டிலிருந்து வந்த வழக்கம் என்னும் கருத்து பிழையானது. முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் திருமழபாடி இறைவனின் விமானத்தைப் பிரித்துக் கல்லால் மீண்டும் எழுப்ப ஆணையிட்டான். அதற்குமுன் அங்கிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுக்கவும் பணித்தான். அவை முதலாம் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. செம்பியன் மாதேவியார் கற்றளியாக்கிய திருக்கோடிக்காவிலும் பழங்கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டு மீளப் பொறிக்கப்பட்டன.

இச்சான்றுகள் இரண்டு உண்மைகளை உணர்த்துகின்றன. முதலாவது, படியெடுத்த பின்னரே பிரித்தல் என்னும் ஒழுங்கு. இரண்டாவது, பத்தாண்டுகளுக்கும் மேலாக ஏட்டில் காக்கப்பட்ட பதிவு மீண்டும் சுவருக்கே திரும்பி, ஊரார் அனைவரின் பார்வைக்கும் வந்தமை. எனினும் இம்மரபுக்கு ஓர் எல்லையும் உண்டு. கொடைகளையும் உரிமைகளையும் கூறும் எழுத்துகள் காக்கப்பட்டன. பிரிக்கப்பட்ட விமானத்தின் வடிவம் காக்கப்படவில்லை. ஆகவே இம்மரபைப் போற்றுதல் மட்டும் போதாது, அதனை விரிவாக்குதலும் வேண்டும்.

கல்வெட்டுக்கு அப்பால்

தாடிக்கொம்பு மண்டபம் இவ்விரிவாக்கத்தின் தேவையை உணர்த்துகிறது. இங்குள்ள வரலாற்றுச் சான்று எழுத்தில் மட்டும் இல்லை. தூணிலிருந்து புடைத்து நிற்கும் கை, விரல், அணிகலன் ஆகியவற்றில் உளி விட்டுச்சென்ற தடங்களிலும் உள்ளது. அறநிலையத்துறை தடைசெய்துள்ள மணல் வீச்சு முறை அழிப்பது இத்தடங்களையே. சுண்ணாம்புப் பூச்சின் அடியில் பழைய வண்ணம் உள்ளதா என்பதும் சுரண்டுவதற்கு முன்பே அறியப்பட வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியங்களின் அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்தார். மேற்பூச்சு அதற்குமுன் புதுப்பிக்கப்பட்டிருந்தால் அக்கண்டுபிடிப்புக்கே இடமிருந்திராது.

கட்டட நிலை ஆய்வும் இத்தகையதே. கூரையில் நீர் கசியும்போது, பழைய தளத்தை அகற்றாமல் மேலும் ஒரு தளம் இடுவது எளிய தீர்வாகத் தோன்றும். அது தூண்கள் தாங்கும் சுமையைக் கூட்டும். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியேற்றும். அதன்மேல் பூசப்படும் சிமெண்ட் ஈரத்தை உள்ளே தேக்கி, உப்பு பூத்துக் கல்லை உதிரச்செய்யும். எனவே, விரிசலின் அளவைக் குறிப்பது மட்டும் ஆய்வன்று. அதன் காரணத்தைக் கண்டறிவதே ஆய்வு. செலவு மதிப்பீடு முன்னதோடு நின்றுவிடுகிறது.

காலமும் அதிகாரமும்

வழிபாட்டிலுள்ள கோயில் அருங்காட்சியகம் அன்று. அது புதுப்பிக்கப்படுவதே மரபு என்னும் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்பது மக்கள் நம்பிக்கையில் வேரூன்றிய வழக்கம். ஆனால் புதுப்பித்தலுக்கும் நெறி உண்டு. மயமதம் தன் 35ஆம் அத்தியாயத்தில் பழுதுபார்த்தலைத் தனியே வகுத்துரைக்கிறது. பழுதின் தன்மையை அறியாமல் அந்நெறியைப் பின்பற்ற இயலாது.

உண்மையான இடர் கால வரிசையில் உள்ளது. பாலாலயம் செய்தபின் இறைவன் மூலத்தானத்துக்குத் திரும்பும் நாளை ஊர் எதிர்நோக்குகிறது. நன்கொடையாளர் விருப்பமும் குறித்த முகூர்த்தமும் பணியை விரைவுபடுத்துகின்றன. அந்நிலையில் ஆய்வாளர் கேட்கும் ஒவ்வொரு வாரமும் தடையாகவே கருதப்படும். ஆதலின் ஆய்வு பாலாலயத்துக்கு முன்பே முடிவடைதல் வேண்டும். வல்லுநர் குழுவின் ஒப்புதலும் செலவுப் பட்டியலை மட்டுமன்றி ஆய்வறிக்கையையும் அடிப்படையாகக் கொள்ள வேண்டும்.

நாளிதழ் ஒன்றில் 2015இல் வெளிவந்த கடிதத்தின் அடிப்படையில் தானாக முன்வந்து வழக்கை எடுத்த சென்னை உயர்நீதிமன்றம், 2021 சூன் 7 அன்று 75 நெறிமுறைகளை வழங்கியது. கோயில்களின் நிலை நீதிமன்றத்தின் கவனத்துக்கு வர நேர்ந்ததே, துறைக்குள் அமைய வேண்டிய ஆய்வுமுறை வலுவாக இல்லாமையைக் காட்டுகிறது. அதே வேளையில் திருவரங்கம் 2017இலும் துக்காச்சி ஆபத்சகாயேசுவரர் கோயில் 2024இலும் யுனெஸ்கோவின் ஆசிய - பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதைப் பெற்றன. வழிபாடும் பாதுகாப்பும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதற்கு இவை சான்று.

முடிவுரை

திருப்பணிக்கு முந்தைய ஆய்வு என்பது வரைபடம், மைப்படி, நிழற்படம், பூச்சு ஆய்வு, கட்டட நிலை ஆய்வு ஆகிய அனைத்தும் இணைந்தது. கல்வெட்டறிஞர், தபதி, கட்டடப் பொறியாளர், வேதியியல் வல்லுநர் ஆகியோரின் கூட்டுப்பணியாலன்றி அது நிறைவுறாது. அதன் பயன், பதிவு கோப்பிலேயே தங்கிவிடாமல் வெளியிடப்படுவதைப் பொறுத்தது. திருமழபாடியில் படியெடுத்த எழுத்து சுவருக்குத் திரும்பியதைப்போல, இன்றைய ஆய்வறிக்கையும் ஊராருக்கும் ஆய்வாளருக்கும் கிடைக்க வேண்டும். அவ்வாறு கிடைக்கும்போதுதான், மாற்றப்பட்டது எது, காக்கப்பட்டது எது என்பதைப் பின்வரும் தலைமுறை சரிபார்க்க இயலும்.