மூச்சுக்கு இசைந்த ஆசனம்

யோகாசனம் என்றவுடன் சிரசாசனத்தையும், காலைத் தோள்மீது போட்டுக்கொள்ளும் சாகசங்களையுமே எண்ணிப் பழகிவிட்ட நமக்கு, அந்த வித்தையின் லாவண்யம் மிக எளிய அசைவுகளிலேதான் பூரணமாகத் துலங்குகிறது என்றால் நம்பிக்கை பிறப்பது கடினம். ஆயினும், சென்னையில் டி. கே. வி. தேசிகாச்சார் (1938–2016) போதித்து வந்த அப்பியாச முறையைச் சற்றே சிரத்தையுடன் கவனிக்கிற எவரும் இதை மறுக்கமாட்டார்கள் என்பது என் உறுதி.

த்விபாத பீடம் என்ற ஆசனத்தையே எடுத்துக்கொள்வோம். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களைத் தரையில் ஊன்றிக்கொண்டு, மூச்சை உள்ளிழுக்கையில் இடுப்பை மெல்ல உயர்த்த வேண்டும். கைகளும் உடன் எழுந்து தலைக்கு அப்பால் தரையில் சாயும். மூச்சை விடுகையில் முதுகின் மேற்பகுதி முதலில் தரையில் படிய, முதுகெலும்பின் கணுக்கள் ஒவ்வொன்றாக இறங்கி, கடைசியில் இடுப்பு வந்து அமரும். பாட்டுக்கு முன்பே எழுந்து, பாட்டு நின்ற பிறகும் ஒலிக்கும் தம்பூராவின் நாதம்போல, அசைவுக்கு ஒரு கணம் முன்னால் தொடங்கி ஒரு கணம் பின்னால் முடிகிற மூச்சு அந்த அசைவு முழுவதையும் தன்னுள் அடக்கிக்கொள்கிறது. அவசரம் இல்லாத தேகத்துக்கு இத்தனை அழகு உண்டா என்று வியக்கத் தோன்றுகிறது!

இந்த நயம் மென்மையான பள்ளியில் பிறந்ததன்று. தேசிகாச்சாரின் தந்தையும் குருவுமான திருமலை கிருஷ்ணமாச்சார்யர், 1930-களில் மைசூர் மகாராஜாவின் ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தியபோது, இளைஞர்களைக் கடுமையாகப் பழக்கிய ஆசிரியர். பி. கே. எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோயிஸும் அக்காலத்து மாணாக்கர்களே. பின்னாளில் சென்னைக்குக் குடிபெயர்ந்த அவரிடம் நோயாளிகளும் வயோதிகர்களும் இல்லறத்தாரும் வந்தபோது, அதே ஆசார்யர் ஒவ்வொருவருடைய வயது, தொழில், தேக நிலை ஆகியவற்றை அனுசரித்துத் தனித்தனியே பாடம் அமைத்துக் கொடுத்தார். எஞ்சினீயரிங் படித்திருந்த புதல்வர் 1960-களில் அவரிடம் மாணாக்கராக அமர்ந்து கற்றதும், 1976-இல் தந்தையின் பெயரால் யோக மந்திரம் என்ற நிலையத்தை நிறுவியதும் இந்த வழியைப் பலருக்கும் திறந்துவிட்டன.

தரையில் உட்கார இயலாதவருக்கு நாற்காலியே ஆசனம். முதுகு வலிப்பவர் முன்னால் குனியும்போது முழங்காலைத் தாராளமாக மடக்கலாம். இவற்றைச் சலுகை என்று கருதுவோர் உண்டு. நான் அதை ஒப்பவில்லை. ஆசனத்துக்குப் பதஞ்சலி முனிவர் விதித்த லக்ஷணங்கள் ஸ்திரமும் சுகமும்தாமேயன்றி, விரல் பாதத்தைத் தொட வேண்டும் என்பதன்று. மாணாக்கருக்கு ஏற்றவாறு ஆசனத்தை மாற்றியமைப்பதற்கு ஆசிரியர் தாம் கற்ற அனைத்தையும் பிரயோகிக்க வேண்டியிருக்கிறது. எதிரே இருப்பவரின் மூச்சு குறுகுவதை முகம் சுளிப்பதற்கு முன்பே கண்டுகொண்டு, கையை இன்னும் சற்றுத் தாழ்வாக உயர்த்தினால் போதும் என்று சொல்கிற ஆசிரியரின் நுட்பமான பார்வையைத்தான் இவ்வித்தையின் சிகரம் என்பேன். நூறு பேரை வரிசையாக நிறுத்தி ஒரே குரலில் நடத்தும் வகுப்புகளில் அதற்கு இடமே இல்லை.