'கடல் அரிப்பு' என்ற சொல்லில் ஒரு சிக்கல்

மழைக்காலம் வந்தால் நாளிதழ்களில் தவறாமல் ஒரு செய்தி வரும். கடல் சீற்றம், மீனவர் வீடுகள் சேதம், தூண்டில் வளைவு கேட்டு மக்கள் மறியல். அதிகாரிகள் பார்வையிட்டார்கள், கல் கொட்ட நிதி ஒதுக்கப்படும் என்பது கடைசி வரி. அடுத்த வருஷமும் இதே செய்திதான், ஊர்ப் பெயர் மட்டும் கொஞ்சம் வடக்கே தள்ளிப் போயிருக்கும்.

இந்த நடையின்மேல் எனக்கு ஒரு புகார் உண்டு. கடல் சீறியது, கடல் அரித்தது, கடல் விழுங்கியது என்று எல்லா வாக்கியத்துக்கும் கடல்தான் எழுவாய். குறுக்கே கட்டியவர்கள் எந்த வாக்கியத்திலும் வருவதில்லை.

புதுச்சேரியை எடுத்துக்கொள்வோம். நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்காது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலை சாய்வாக அடித்து மணலை வடக்கே நகர்த்தும். ஐப்பசி, கார்த்திகையில் கொஞ்சம் தெற்கே திருப்பும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம், வருஷத்துக்குப் பல லட்சம் கன மீட்டர். அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே 1980களின் கடைசியில், அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில், துறைமுகத்துக்காக இரண்டு கல் கரைகளைக் கடலுக்குள் நீட்டினார்கள். தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் குவிந்தது. வடக்கே போக வேண்டிய பங்கு நின்னுபோச்சு. அலை மட்டும் வழக்கம்போல எடுத்துக்கொண்டே இருந்தது.

சென்னைக்காரர்களுக்கு இது பழைய கதை. 1870களில் துறைமுக வேலை தொடங்கிய பிறகு தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை தேய்ந்தது. மெரினாவில் சுண்டல் தின்றபடி நாம் உட்கார்ந்திருப்பது ராயபுரத்துக்குப் போயிருக்க வேண்டிய மணல்மேல்.

புதுச்சேரியில் இது தெரியாமல் நடந்த விஷயமும் இல்லை. தேங்கும் மணலை எடுத்து வடக்கே தள்ளும் ஏற்பாடு துறைமுகத் திட்டத்திலேயே இருந்தது. கல் கரை கட்டியாச்சு. மணல் தள்ளும் வேலை ஒழுங்காக நடக்கவே இல்லை. ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட்டில் 1986-லேயே இதற்கென்று பம்பு நிலையம் அமைத்து, ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் கன மீட்டர் மணலை முகத்துவாரத்தின் மறுபக்கம் அனுப்புகிறார்கள். அது முடிவே இல்லாத வேலை, திறப்பு விழா வைக்க முடியாது. கல் கொட்டுவது அப்படியல்ல. டெண்டர் உண்டு, லாரி உண்டு, போட்டோ உண்டு.

கல் சுவர் பின்னால் இருக்கும் ரோட்டைக் காப்பாற்றும். புதுச்சேரி கடற்கரைச் சாலை இன்னும் நிற்கிறதே. ஆனால் அதனால் ஒரு பிடி மணலைக்கூட உண்டாக்க முடியாது. மோதித் திரும்பும் அலை சுவரின் காலடியிலேயே குழி பறிக்கும், கல் சரியும், திரும்பவும் கொட்ட வேண்டும். சுவர் முடிகிற இடத்துக்கு அப்பால் அரிப்பு இன்னும் வேகமாகும். அப்படித்தான் வைத்திக்குப்பம், சோலை நகர் என்று நகர்ந்து, எல்லை தாண்டி, கோட்டக்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் வரை போனது. துறைமுகம் யூனியன் பிரதேசத்தில், இடிந்த வீடு விழுப்புரம் மாவட்டத்தில். யாரிடம் போய் மனு கொடுப்பது?

இன்னொரு பக்கம், தூண்டில் வளைவு கேட்கும் மீனவர்களை விவரம் தெரியாதவர்கள்போலப் பேசும் சூழலியல் எழுத்தும் உண்டு. அது அநியாயம். இன்னைக்கு ராத்திரி வீட்டுக்குள்ள தண்ணி வரும் என்று இருப்பவரிடம் மணல் ஓட்டத்தைப் பற்றி வகுப்பெடுக்க முடியாது. மணலின் அருமை அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். படகை ஏற்றி வைப்பது அதில்தான், வலை பழுது பார்ப்பது, கரைவலை இழுப்பது, கருவாடு காயவைப்பது எல்லாமே அதில்தான். கருங்கல் குவியலுக்கு மேல் ஃபைபர் படகை எப்படி ஏற்றுவது? சுவர் வந்தால் வீடு மிஞ்சும், தொழில் போய்விடும். இந்தக் கணக்கை எந்த மதிப்பீட்டிலும் நான் பார்த்ததில்லை.

2018-இல் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் புதுச்சேரி தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் எஃகுத் திட்டு ஒன்றை அமைத்தது. தூர்வாரிய மணலையும் கொட்டினார்கள். ஒரு துண்டு கடற்கரை திரும்பி வந்தது, கூட்டமும் வந்தது. சந்தோஷம்தான். ஆனால் நான் படித்த பாராட்டுகளில் எல்லாம் எஃகுக்குத்தான் இடம், கொட்டிய மணலுக்கு அரை வரி. திட்டு மணலைப் பிடித்து வைக்கும். வரவு இருந்தால்தானே பிடிக்க? துறைமுக வாயிலில் இந்த வருஷம் எத்தனை கன மீட்டர் அள்ளினார்கள், அதில் எவ்வளவு வடக்கே போனது என்ற இரண்டு எண்களை ஒவ்வொரு 'கடல் சீற்றம்' செய்தியோடும் கேட்டுப் போடலாம். நிருபருக்கு ஒரு போன் கால் வேலை.