கண்டியைக் காதால் காணுதல்: 'சாங் ஒவ் சிலோன்' படத்தை ரசிக்கும் முறை

1934ஆம் ஆண்டில் உருவான 'சாங் ஒவ் சிலோன்' என்னும் ஆவணப்படம், உலக ஆவணப்பட வரலாற்றை எழுதுவோர் எவரும் விட்டுச்செல்லாத படைப்பாகும். ஆயினும் கண்டியிலும் அதைச் சூழ்ந்த மலைநாட்டிலும் வாழும் தமிழ் வாசகர்கள், தங்கள் மண்ணில் பிறந்த அந்தப் படத்தைத் தங்களுக்குரிய ஒன்றாகக் கருதிப் பார்ப்பது அரிது. ஏறத்தாழ 40 நிமிடங்கள் ஓடும் இக்கறுப்பு வெள்ளைப் படத்தை இயக்கியவர் பசில் ரைட் (1907–1987) என்ற ஆங்கிலேயர். ஓர் அந்நியர் இன்னொரு நாட்டைப் படமெடுத்து, அதைத் தம் நாட்டவருக்கு விளக்க முற்படும்போது என்னென்ன கைகூடும், எவையெல்லாம் கைநழுவும் என்பதை அறிய விரும்புவோருக்கு இதனிலும் நல்ல பாடம் அமைவது கடினம். அப்பாடத்தைக் கற்கும் வழி கண்ணைவிடக் காதைச் சார்ந்தது. ஏனெனில் இப்படத்தில் இரு பண்பாடுகளும் ஒன்றையொன்று சந்திப்பது, திரையில் தெரியும் காட்சிக்கும் அதன்மேல் ஒலிக்கும் குரலுக்கும் இடைப்பட்ட வெளியிலேயாகும்.

படம் பிறந்த சூழலை முதலில் அறிந்துகொள்வது நலம். பிரித்தானியப் பேரரசின் பொருள்களுக்குச் சந்தை தேடுவதற்காக இயங்கிய எம்பயர் மார்க்கெட்டிங் போர்ட் என்ற அரச அமைப்பில், ஜோன் கிரியர்சன் என்பவர் ஒரு திரைப்படப் பிரிவை நடத்தினார். நடைமுறை வாழ்வைக் கலைநோக்குடன் ஒழுங்குபடுத்திக் காட்டும் படங்களுக்கு 'ஆவணப்படம்' என்ற கருத்தை ஆங்கில உலகில் நிலைபெறச் செய்தவர்களுள் அவர் முதன்மையானவர். இலங்கைத் தேயிலைப் பிரசார சபைக்காக நான்கு சிறு பயணப் படங்களை எடுத்துவரும் பொறுப்பு, அவரிடம் பயின்ற ரைட்டுக்கு வழங்கப்பட்டது. 1933இல் எம்பயர் மார்க்கெட்டிங் போர்ட் கலைக்கப்பட்டமையால் திரைப்படப் பிரிவு பிரித்தானிய அஞ்சல் திணைக்களத்தின்கீழ் சென்றது. 1934இன் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்து படம்பிடித்துத் திரும்பிய ரைட், விளம்பரத்துக்கென்று கேட்கப்பட்ட நான்கு துண்டுகளையும் நான்கு பகுதிகள் கொண்ட ஒரே படைப்பாக இணைத்தார். புத்தர், கன்னித் தீவு, வணிகத்தின் குரல்கள், தெய்வத்தின் உடை என்னும் பொருளில் அப்பகுதிகளின் தலைப்புகள் அமைந்துள்ளன. தேயிலைச் சபை பணம் கொடுத்த படத்தில் தேயிலைக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது என்பது, அந்த இளைஞருக்கு அப்போது வயது 26 என்பதை எண்ணிப் பார்க்கையில், உண்மையிலேயே துணிவான செயலாகும்.

ரைட் கொண்டுவந்த படப்பிடிப்புக் கருவிகள் ஒலியைச் சேர்த்துப் பதியத்தக்கவை அல்ல. ஆகவே இலங்கையில் எடுக்கப்பட்டது ஊமைப்படமே. இன்று கேட்கும் மேளம், மணி, ஓதல், வாசிப்பு அனைத்தும் லண்டன் ஒலிப்பதிவுக் கூடத்தில், இசையமைப்பாளர் வோல்டர் லீயின் துணையுடன், பின்னர் அமைக்கப்பட்டவை. இந்தக் குறையே படத்தின் வலிமையாயிற்று. காட்சியோடு தானாகவே ஒட்டிவரும் ஒலி இல்லாதபோது, எந்தக் காட்சிக்கு எந்த ஒலி என்பதை ஒவ்வொரு கணமும் ஒருவர் சிந்தித்தே முடிவு செய்ய வேண்டியிருந்தது. அம்முடிவுகளைக் கவனிப்பதே இப்படத்தை ரசிப்பதன் முதற்படியாகும்.

அம்முடிவுகளுள் தலையாயது, விவரணையாக எதை வாசிப்பது என்பது. ரைட் தாமாக எதையும் எழுதாமல், றொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட இலங்கை வரலாற்று நூலிலிருந்து பகுதிகளை எடுத்துக்கொண்டார். நொக்ஸ் 1660இல் திருகோணமலைக்கு அருகே கொட்டியாரக் குடாவில் தம் தந்தையோடும் கப்பற் தோழரோடும் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தின் கிராமங்களில் ஏறக்குறைய 20 ஆண்டுகள் வாழ்ந்தவர். சிறைச்சுவர் இல்லாத சிறை அது. ஊர் மக்களிடையே தொப்பி பின்னி விற்றும் நெல் கடன் கொடுத்தும் பிழைத்த அவர், கண்டிக்கு அண்மையில் உடுநுவரையின் எலதெத்த என்னும் கிராமத்தில் நிலம் வாங்கிக் குடியிருந்து, 1679இல் அநுராதபுரக் காடுகளின் வழியே தப்பி, மன்னார்ப் பக்கத்தில் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். வேற்றுநாட்டில் நெடுங்காலம் தங்கி, அந்நாட்டின் மொழியைப் பேசி, அதன் உழவையும் உணவையும் வழிபாட்டையும் உள்ளிருந்து கண்டு, பின்னர் தம் மக்களுக்கு எழுதிக் காட்டிய அவரை, விரும்பிப் புலம்பெயராத ஓர் ஆவணக்காரர் என்றே கொள்ளலாம்.

அந்த எழுத்தை வாசிக்கும் குரலோ ஆங்கிலேயருடையதன்று. கொழும்பில் பிறந்த வழக்கறிஞரும் பியானோ கலைஞரும் ஒளிப்படக் கலையில் இலங்கையின் பெருமைக்குரிய முன்னோடியுமான லயனல் வெண்ட் (1900–1944) அதை வாசித்தார். அதற்காகவே லண்டன் சென்றார். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் ஒருவர் கண்டியைக் கண்டு அடைந்த வியப்பை, இருபதாம் நூற்றாண்டு இலங்கையர் ஒருவர் உணர்ச்சியை அடக்கிய, சீரான குரலில் சொல்ல, அதே கண்டி நாட்டின் 1934ஆம் ஆண்டுக் காட்சிகள் திரையில் நகர்கின்றன. பார்ப்பவரும் பார்க்கப்படுபவரும் இங்கே இடம் மாறுகிறார்கள். நொக்ஸின் சொற்கள் சொல்வதற்கும் கண்முன் தெரிவதற்கும் இடையே எங்கெங்கு பொருத்தம், எங்கெங்கு விலகல் என்று கவனித்துக்கொண்டே பார்ப்பவர், இயக்குநர் சொல்லாமல் விட்ட பலவற்றையும் உணர்வார்.

முதற் பகுதியில், சிவனொளிபாதமலையில் யாத்திரிகர் படியேறும் காட்சிகளையும் உச்சியில் மணி அடிக்கப்படுவதையும் தொடர்ந்து வரும் படத்தொகுப்பு, அதாவது தனித்தனியே எடுத்த காட்சிகளை ஒரு பொருளுக்காக இணைக்கும் கலை, தனிக் கவனத்துக்குரியது. மணியின் ஒலி அடங்குவதற்குள் ஒரு பறவை எழுகிறது. ஒலியலையின் பரவலே பறவையின் பறத்தலாகி, மலையும் நீரும் மரமும் சிலையும் அதன் பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கண்ணுக்குத் தெரியாத ஒலியைக் கண்ணுக்குத் தெரியும் அசைவாக்கிய இவ்விடத்தை, ஒருமுறை ஒலியோடும் ஒருமுறை ஒலியின்றியும் பார்த்தால், ஒலி நீங்கியதும் காட்சிகளுக்கிடையிலான உறவு அறுந்துபோவது விளங்கும். இரண்டாம் பகுதி மீன்பிடித்தல், மட்பாண்டம் வனைதல், சிறுவர்க்கு ஆட்டம் கற்பித்தல் எனக் கிராம வாழ்வை அமைதியாகச் சொல்லிச் செல்கிறது; அது அழகானதே எனினும், கிராமத்தைக் குறையற்ற பழமையாகக் காணும் அயலாரின் ஆசை அதில் சற்று மிகுந்து தெரிகிறது.

மூன்றாம் பகுதியே படத்தின் மூளை. புகையிரதம் மலையேறுகிறது, யானையொன்று மரத்தை முட்டிச் சாய்க்கிறது, தென்னையில் ஆள் ஏறுகிறார், பெண்கள் கொழுந்து பறிக்கிறார்கள். இவற்றின்மேல் ஒலிப்பவை சந்தை விலைகள், கப்பல் புறப்படும் அறிவித்தல்கள், வணிகக் கடித வாசகங்கள், தந்திக் குறிகள். ஒலியும் காட்சியும் ஒன்றையொன்று விளக்காமல், இரண்டும் தத்தம் வழியே சென்று மூன்றாவதொரு பொருளை உண்டாக்கும் இம்முறையை எதிரிசை என்பர். மேலைச் செவ்வியல் இசையில் தனித்தனி மெட்டுகள் ஒரே நேரத்தில் ஓடும் நெறியிலிருந்து திரைப்படக்காரர் கடன்பெற்ற கருத்து அது. கொழுந்தைத் தொடும் விரல்களுக்கும் லண்டனில் அறிவிக்கப்படும் விலைக்கும் உள்ள தொடர்பை இப்பகுதி ஒரு விளக்கச் சொல்லும் இல்லாமல் காட்டிவிடுகிறது. தேயிலைச் சபையின் செலவில் இதைச் செய்தமைக்காகவே ரைட்டைப் பாராட்ட வேண்டும்.

ஆனால் மலையகத் தமிழரின் காதுக்கு இங்கே ஒரு பெருங்குறை கேட்கும். படத்தில் நொக்ஸின் சொல் உண்டு, வெண்டின் குரல் உண்டு, பங்குச் சந்தையின் கூச்சல் உண்டு. கூடையைச் சுமக்கும் தோட்டத் தொழிலாளியின் குரல் மட்டும் இல்லை. கண்டிக்கு அருகே லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட பின், அப்பயிரைத் தீவின் முதன்மை ஏற்றுமதியாக வளர்த்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளரே. ரைட் படமெடுத்த அதே ஆண்டுகளில் கோ. நடேசய்யர் தோட்டங்களில் தொழிற்சங்கம் கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளரிடையே பாடல்களைப் பாடி அவர்களைத் திரட்டினார். பதிவு செய்யத்தக்க குரல்கள் இல்லாமற் போனதால் நேர்ந்த மௌனமல்ல அது. கண்டியச் சிங்களப் பண்பாட்டைத் தொன்மையின் பக்கமும் தேயிலையை வணிகத்தின் பக்கமும் நிறுத்திய படத்தின் அமைப்பில், இவ்விரண்டுக்கும் நடுவே நின்ற மக்களுக்கு இடம் வகுக்கப்படவில்லை. படத்தின் மேன்மையை ஏற்றுக்கொள்பவரே இக்குறையைத் தயக்கமின்றிச் சொல்லும் உரிமையும் உடையவர்.

நான்காம் பகுதியைக் காண்பதற்குமுன் கண்டி வாசகர் செய்துகொள்ளக்கூடிய ஓர் ஆயத்தம் உண்டு. கண்டிய நடனத்துக்குரிய மேளம் கெட்ட பெரய எனப்படும். நடு பருத்து இரு முனையும் ஒடுங்கிய அதன் ஒரு பக்கத்துக்கு மாட்டுத் தோலும் மறுபக்கத்துக்குக் குரங்குத் தோலும் பூட்டுவது மரபாதலால், ஒரு கை கனத்த ஒலியையும் மறுகை கூரிய ஒலியையும் எழுப்புகின்றன. கண்டி வாவியருகே மாலைதோறும் நடைபெறும் நடன நிகழ்ச்சிகளிலோ, தலதா மாளிகையின் எசல பெரஹெராவிலோ, ஆடுபவரை விட்டுவிட்டு மேளக்காரரின் இரு கைகளையும் மட்டும் சிறிது நேரம் கவனித்துப் பழகிய காது, படத்தின் இறுதி ஆட்டத்தில் வெகுவாகப் பயனடையும். அப்பகுதியில் தனி மனிதர் ஒருவர் பொலன்னறுவைக் கல் விகாரைப் புத்தர் சிலையின்முன் காணிக்கை வைத்து வணங்குகிறார். பிறகு ஆடுநர் உடையணிந்து ஆடத் தொடங்குகிறார்கள். கண்டிப் புறநகரான நித்தவெலையைச் சேர்ந்த புகழ்பெற்ற கலைஞர் குணயா அவர்களுள் ஒருவர். கொஹொம்ப கங்காரிய என்னும் நேர்த்திச் சடங்கிலிருந்து வளர்ந்த இவ்வாட்டத்தில் வெஸ் எனப்படும் தலையணி வெறும் ஒப்பனைப் பொருளன்று. சடங்கு செய்து முதன்முறை அணிந்த பின்னரே ஒருவர் முழு ஆடுநராக மதிக்கப்படுவார். இதை அறிந்தவருக்கு, அப்பகுதியின் தலைப்பு ஏன் உடையைக் குறிக்கிறது என்பது விளங்கும். விவரணை ஏறத்தாழ அடங்கி மேளமே பேசும் இந்நிலையில், அயலார் தாம் விளக்குவதை நிறுத்திக்கொண்டு கேட்கத் தொடங்கிவிட்டார் என்றே கொள்ளத் தோன்றுகிறது. படம் எய்தும் உச்சம் இதுவே.

1935இல் பிரசல்ஸ் திரைப்பட விழாவில் இப்படம் முதற் பரிசு பெற்றது. ரைட் பின்னர் ஹரி வொற்றுடன் சேர்ந்து 'நைட் மெயில்' (1936), போல் றோத்தாவுடன் சேர்ந்து யுனெஸ்கோவுக்காக மெக்சிக்கோவையும் தாய்லாந்தையும் இணைத்துக் காட்டிய 'வேர்ல்ட் விதவுட் என்ட்' (1953) முதலியவற்றை எடுத்தார். இலங்கையில் 1948இல் தொடங்கிய அரச திரைப்படப் பிரிவை முதலில் இத்தாலியரான ஜூலியோ பெட்ரோனியும் பின்னர் ஆங்கிலேயரான ரால்ப் கீனும் வழிநடத்தினர். கீனோடு அங்கே பணியாற்ற லண்டனிலிருந்து திரும்பிய லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், அதிலிருந்து விலகி 1956இல் 'ரேகாவ' என்ற திரைப்படத்தை உருவாக்கியபோது, கிராமத்தை உள்ளூர்க் கண்ணே பார்க்கத் தொடங்கியது.

படத்தை ஒருமுறை முழுமையாகப் பார்த்தவர், அதில் ஒலிக்காத தோட்டத் தொழிலாளரின் குரலைக் கேட்க, சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடிப் படித்துவிட்டு, மூன்றாம் பகுதியை மட்டும் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.