வினையும் பாவமும்: மணிமேகலை, இரட்சணிய யாத்திரிகம் – ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

வினை, பாவம் ஆகிய சொற்கள் தமிழ்ப் பௌத்தக் காப்பியத்திலும் கிறித்தவக் காப்பியத்திலும் பயில்கின்றன. எனினும் ஒருவரது வினைப்பயனைப் பிறர் ஏற்க இயலுமா என்னும் வினாவுக்கு அவை தரும் விடைகள் வேறுபடுகின்றன. அவ்வேறுபாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வினை, பாவம், மறுபிறப்பு, அருள், மணிமேகலை, இரட்சணிய யாத்திரிகம்

முன்னுரை

வினைக்கோட்பாடு பிறர் துன்பத்தைக் கண்டும் காணாது கடக்கச் செய்யும் என்பது பௌத்தத்தின்மீது வைக்கப்படும் குறை. அருட்கோட்பாடு மனித முயற்சியை மழுங்கச் செய்யும் என்பது கிறித்தவத்தின்மீது வைக்கப்படும் குறை. சாத்தனாரின் மணிமேகலையையும், ஜான் பனியனின் ஆங்கில நூலைத் தழுவி எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகத்தையும் ஒருங்குவைத்து நோக்கின் இவ்விரு குறைகளும் நிலைபெறாமை புலனாகும்.

மணிமேகலையில் வினை

உதயகுமரன் காஞ்சனனின் வாளால் மடிகிறான். முற்பிறப்பில் அவன் இராகுலனாக இருந்தபோது, கால் தளர்ந்து வீழ்ந்து உணவுக் கலங்களைச் சிதைத்த மடைத்தொழிலாளனை வெட்டினான். அவ்வினையே அவனை வந்தடைந்தது எனக் கந்திற்பாவை உரைக்கிறது. இவ்விளக்கம் கொன்றவனை விடுவிக்கவில்லை. அவன் செய்த கொடுவினை அவனையும் விடாது தொடரும் என அத்தெய்வமே காஞ்சனனிடம் கூறுகிறது. இறந்தவனின் பழவினை காரணமாயினும் கொன்றவனின் பொறுப்பு குறைவதில்லை.

காயசண்டிகையின் யானைத்தீ நோய், விருச்சிக முனிவருக்குரிய நாவற்கனியைக் காலால் சிதைத்த பிழையின் விளைவு. தன் பிழையின் பயனைத் தானே நுகர்கிறாள் என்று மணிமேகலை விலகிச் செல்லவில்லை. அமுதசுரபியின் உணவால் அப்பசியைத் தணிக்கிறாள். பசியைப் பிறர் தீர்க்கலாம். வினைத்தொடரைப் பிறர் அறுக்க இயலாது. நிலையான ஆன்மாவை ஏற்காத பௌத்தத்தில் பிறவிகளை இணைப்பது அத்தொடரே. பன்னிரு சார்புகளை உணர்ந்து நோற்பவரே அதனை அறுத்தல் வேண்டும். பவத்திறம் அறுக என மணிமேகலை நோற்பதோடு காப்பியம் நிறைவுறுவது இதனாலேயே.

யாத்திரிகத்தில் பாவம்

கிறித்தவத்தில் மனிதர்க்கு வாழ்வு ஒன்றே, அதன்பின் தீர்ப்பு. பாவம் இறைவனுக்கு எதிரான மீறலாதலின் மன்னிப்பும் இறைவனிடமிருந்தே வருதல் வேண்டும். யாத்திரிகன் சுமந்து வரும் பாவச்சுமை அவனது வலிமையால் இறங்குவதில்லை. சிலுவையின் முன்னிலையில் கழன்று வீழ்கிறது. பிறர் பாவத்தைத் தம்மேல் ஏற்றவர் ஒருவர் உண்டு என்னும் நம்பிக்கைக்கு இக்காட்சி உருவம் தருகிறது. சுமை நீங்கிய இடத்தில் பயணம் முடிவதில்லை. இடர்களும் சோதனைகளும் அதன்பின்னும் நெடிது தொடர்கின்றன. அருள் அவனை நடக்க வல்லவனாக்குகிறது. நடக்கும் கடமையை நீக்கவில்லை.

முடிவுரை

இவ்விரு காப்பியங்களுக்குமிடையே உள்ள முதன்மை வேறுபாட்டைப் பிறவிகளின் எண்ணிக்கையில் மட்டும் காண்பது போதாது. வினைப்பயனைப் பிறர் ஏற்க இயலாது என்கிறது மணிமேகலை. ஒருவர் ஏற்றுவிட்டார் என்கிறது யாத்திரிகம். வினையையும் பாவத்தையும் ஒருபொருட் சொற்களாகக் கொள்ளும் ஒப்பீடுகள் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகின்றன. அதே வேளையில், வினையின் விளக்கம் மணிமேகலையைப் பசித்தோரிடமிருந்து விலக்கவில்லை. அருளின் உறுதி யாத்திரிகனை வழியில் அமர்த்திவிடவுமில்லை. கோட்பாட்டில் பிரியும் இரு காப்பியங்களும் மனிதப் பொறுப்பைக் கைவிடாமையில் ஒன்றுபடுகின்றன.