சிறு மலரின் நோட்டுப் புத்தகங்கள்

துறவிகள் எழுதிய சுயசரிதைகளை நான் கொஞ்சம் சந்தேகத்துடன்தான் பிரிப்பது வழக்கம். உலகத்தையே விட்டவர்களுக்குத் தங்களைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றும். லிசியூ மடத்துத் தெரேசாவின் ‘ஓர் ஆத்மாவின் கதை’யை முதல் தடவை எடுத்தபோது இருபது பக்கத்துக்கு மேல் போகவில்லை. எங்கே பார்த்தாலும் பூக்கள், குழந்தை இயேசு, கொஞ்சல். நல்ல பெண்தான், ஆனால் எழுத்தாளர் அல்ல என்று தீர்ப்புச் சொல்லிப் புத்தகத்தை மூடிவிட்டேன். அந்தத் தீர்ப்பில் பாதி தவறு.

நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களின் பெயர்ப் பலகையில் ‘சிறு மலர்’ என்று இருப்பவர் இவர்தான். 1873-ல் பிரான்ஸில் பிறந்தார். 1888-ல், பதினைந்து வயதில், கார்மேல் மடத்தில் சேர்ந்தார். 1897-ல், இருபத்து நாலு வயதில், க்ஷயரோகத்தால் இறந்தார். உள்ளே போனவர் வெளியே வராத மடம் அது. கூடப் பிறந்த அக்காள்மாரில் மூவர் அதே மடத்தில் இருந்தார்கள். எழுத வேண்டும் என்ற ஆசையால் அவர் எழுதவில்லை. அப்போது மடத்துத் தலைவியாக இருந்த அக்காள் பாலின் உத்தரவிட்டார்; தங்கை மலிவான பள்ளிக்கூட நோட்டில் எழுதினார். கடைசிப் பக்கங்களைப் பேனா பிடிக்கத் தெம்பில்லாமல் பென்சிலால் எழுதினார்.

1898-ல் அது அச்சில் வந்தபோது அக்காள் ஏழாயிரம் இடங்களில் கை வைத்திருந்தார் என்று கணக்குச் சொல்லுகிறார்கள். மூன்று பேருக்குத் தனித்தனியே எழுதியவை, அன்றிருந்த தலைவியின் விருப்பப்படி, அவர் ஒருவருக்கே எழுதியவைபோல் மாறின. திருத்திக்கொள்ளும்படி தங்கையே சொல்லிவிட்டுப் போனார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்னொரு அக்காள் செலின் படம் எழுதத் தெரிந்தவர். அவர் தீட்டிய படங்களில் இருக்கும் மிருதுவான முகத்தையும், அவரே காமிராவில் எடுத்த படங்களில் இருக்கும் உறுதியான முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், புத்தகத்துக்கு என்ன நேர்ந்தது என்பது புரிந்துவிடும். நோட்டுகள் உள்ளது உள்ளபடி வெளிவந்தது 1956-ல்தான். அதற்குப் பின் வந்த மொழிபெயர்ப்பு ஒன்றைப் படித்த பிறகே நான் வெட்கப்பட்டேன்.

மடத்தில் துணி துவைக்கிறார்கள். எதிரே நிற்கும் சகோதரி கைக்குட்டையைத் துவைக்கும்போதெல்லாம் அழுக்குத் தண்ணீர் தெரேசாவின் முகத்தில் தெறிக்கிறது. பின்வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டால் அவளுக்கு உறைக்கும். அதைச் செய்யாமல் நிற்கிறார். இன்னொரு சமயம், தியானத்தில் பின்னால் இருப்பவள் எதையோ உரசிச் சத்தம் எழுப்புகிறாள். திரும்பி ஒரு பார்வை பார்க்க வேண்டும் என்ற ஆசையை அடக்குவதில் இவருக்கு வியர்த்துக் கொட்டுகிறது. கடைசியில் அந்தச் சத்தத்தையே சங்கீதமாகக் கேட்பது என்று தீர்மானிக்கிறார்.

கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காட்டுக்குப் போய்த் தவம் செய்வது ஒரு விதத்தில் சுலபம். அங்கே தண்ணீர் தெறிக்கிறவர்கள் இல்லை. மடம் என்பது மனிதர்களை விட்டு ஓடும் இடமல்ல, தேர்ந்தெடுக்காத மனிதர்களோடு சாகும்வரை இருக்கும் இடம் என்பதை இவரைப்போலச் சின்ன விஷயங்களால் காட்டியவர்கள் குறைவு. இது நாவலாசிரியனின் கண்.

இதைவிடப் பெரிய விஷயம் கடைசி நோட்டில் இருக்கிறது. 1896-ம் வருஷத்துப் பெரிய வெள்ளியன்று முதல் தடவையாக ரத்தம் கக்கினார். சில நாட்களுக்குள் மோட்சம் என்ற நினைப்பே இருண்டு போயிற்று. சாவுக்கு அப்பால் ஒன்றுமே இல்லை என்று இருட்டு தன்னைக் கேலி செய்வதாக எழுதுகிறார். மேலே எழுதினால் தெய்வ நிந்தனையாகிவிடுமோ என்று அஞ்சி நிறுத்திக்கொள்கிறார். ஆனாலும் மறுநாள் மணி அடித்ததும் ஜபத்துக்குப் போகிறார். மடத்துத் தலைவியிடம் இதை எழுதிக் கொடுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

என் தீர்ப்பில் மற்றப் பாதி நிற்கத்தான் செய்கிறது. பூக்களெல்லாம் அக்காள் தூவியவை அல்ல; தங்கைக்கும் அந்தக் காலத்துப் பக்திப் படங்களின் ருசி இருந்தது. உவமை சொல்ல ஆரம்பித்தால் சறுக்குகிறார்; நடந்ததைச் சொன்னால் தவறுவதில்லை. 1925-ல் அவரைப் புனிதராகவும், 1997-ல் திருச்சபையின் மறைவல்லுநராகவும் அறிவித்தார்கள். அந்த விருதுகளை நினைத்துக்கொண்டு படிக்க வேண்டாம். கடைசி நோட்டிலிருந்து ஆரம்பியுங்கள்; பூக்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.